கடைசி வரை நடந்தவன்

"இன்னும் கொஞ்சம் வாயத் தொறங்க தம்பி. ஊசி போடும்போது மட்டும் சுருக்குன்னு இருக்கும்" என்றார் டாக்டர் ஹமீதா. சுடலைமுத்து திறந்தான். ஈறுக்குள் ஊசி இறங்கியது, சொன்ன மாதிரியே சுருக்கென்றது, கண்ணோரம் தண்ணீர் வந்தது, அந்தத் தண்ணீர் ஊசிக்காகத்தான் என்று டாக்டர் நினைத்துக்கொள்வார், நல்லது, அப்படியே நினைக்கட்டும். சட்டைப் பைக்குள் போன் கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து படித்த செய்தி அதற்குள் இன்னும் விரித்தபடியே இருப்பதுபோல நெஞ்சில் சுட்டது. பொன்மணி அனுப்பியது. "சுடலை, நீ சொன்னது சரிதான். மத்தவங்க எல்லாம் கேம்ல அந்த நடையப் பாதியிலயே விட்டுட்டாங்க. நீ ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் நடந்து பாத்துட்டு அங்க ஒண்ணுமில்லன்னு சொல்லிருக்க. அப்ப முடிவுல வர வேண்டிய கிணறு உனக்கு வரல. கோடிங்ல எங்கயோ தப்பு, பக் இருக்கு. தம்பி ராஜா ராவும் பகலுமா தேடிட்டான், கிடைக்க மாட்டேங்கு. அதனால நடை மொத்தத்தையும் எடுத்துருதோம். மத்தியானத்துக்குள்ள அப்டேட் போயிரும். உண்மையச் சொன்னதுக்கு தேங்க்ஸ்." உண்மையைச் சொன்னதற்கு. அவள் கிண்டல் பண்ணவில்லை. பொன்மணிக்குக் கிண்டல் வராது, கல்லூரியிலிருந்தே வராது, யாராவது அவளைக் கேலி செய்தால்கூட அப்படியா என்று கேட்டு யோசிப்பாள். "மரத்துப் போகட்டும், அடுத்த ஆளப் பாத்துட்டு வாரேன், அப்படியே சாஞ்சிருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். செருப்புச் சத்தம் தேய்ந்தது. இப்போது பேசலாம். நாக்கு இன்னும் நாக்காகத்தான் இருக்கிறது, உதடு இன்னும் உதடாகத்தான். போனை எடுத்து, பொன்மணி, கிணறு எனக்கு வராமலில்லை, நான் கிணற்றுக்குப் போகவே இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு. அவன் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

வீடியோவில் அதைச் சொன்ன இடம் அவனுக்கு மனப்பாடமாக இருந்தது. சொன்ன வார்த்தை மட்டுமில்லை, சொன்னபோது இடது கையைக் காமிராவுக்கு நேரே நீட்டியது, நீட்டிய கையை அப்படியே விரித்துக் காட்டியது, ஒன்றுமில்லை என்பதற்கு. "கடைசி வரைக்கும் நடந்துட்டேன் மக்களே. அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் மணல்." அவனுடைய சானலைப் பார்ப்பவர்களுக்கு அந்தக் கை பிடிக்கும். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து தமிழில் கேம் விமர்சனம் பண்ணுகிறவன் சொல்வதை இத்தனை பேர் நம்புவதற்கு அந்தக் கைதான் காரணம் என்று அவனுக்குத் தோன்றும். காசு வாங்க மாட்டான், முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், சுடலை சொன்னா சரியா இருக்கும். சுடலை சொன்னான். மற்ற சானல்காரர்களும் அதையே சொன்னார்கள், சிலர் அவனுடைய வார்த்தையையே எடுத்துச் சொன்னார்கள், வெறும் மணல், வெறும் மணல், விற்கிற தளத்தில் வாங்கியவர்கள் எழுதும் இடத்திலும் வெறும் மணல். வாங்காதவர்கள்கூட எழுதியிருப்பார்கள். பொன்மணியின் 'தேரி இரண்டு' வெளிவந்த மறுநாளே அதன் பெயருக்குப் பக்கத்தில் நல்லது என்றிருந்த பச்சை எழுத்து மங்கி, கலவையான கருத்துகள் என்று மாறிப்போனது. கலவை. காங்கிரீட் கலவை மாதிரி, ஒருமுறை இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் கேம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லையே, முதல் பாகத்தில் இருந்த வேகம் இதில் இல்லைதானே, பை நிரம்பிவிட்டால் எதைக் கீழே போடுவது என்று தேர்ந்தெடுக்கும் இடம் குழப்பம்தானே, அதெல்லாம் நான் விளையாடிப் பார்த்துச் சொன்னதுதானே என்று அவனுக்குள் ஒருவன் எழுந்து நின்றான். அவன் சொன்னதெல்லாம் சரி. சரியானவை எல்லாம் வரிசையாக நின்றன, நடுவில் அந்தக் கை விரிந்தபடி நின்றது.

முதல் பாகம் வந்தபோது இப்படி இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரியை வைத்து ஒரு கேம் என்று பொன்மணி சொன்னபோதே அவனுக்குப் பிடித்துப்போனது. நில அளவைக்காரன் ஒருவன் தேரிக்குள் காணாமல் போன அண்ணனைத் தேடிப் போகிறான், தண்ணீர் தீர்ந்தால் சாவான், மணல் சரிந்தால் சாவான், செத்தால் மறுபடியும் பஸ் ஸ்டாப்பிலிருந்து காலி பாட்டிலோடு கிளம்ப வேண்டும், அதற்குள் காற்று அடித்து மேடெல்லாம் இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் புதுத் தேரி. "இந்த வகை கேம்ல எல்லாரும் கம்ப்யூட்டர வச்சு நிலத்தைக் கலைச்சுப் போடுதாங்க. நம்ம ஊர்ல காத்தே அதைப் பண்ணுது, பாத்தியா" என்றாள். பார்த்தான். மனசாரப் பாராட்டினான். அந்த வீடியோவுக்குக் கீழே முதலில் வந்த கருத்து: பொண்ணு உங்களுக்குச் சொந்தமா ப்ரோ? அடுத்தவன்: சொந்தமில்ல, க்ளாஸ்மேட்டாம், அதான் இந்த ஜால்ரா. அதைப் படித்துச் சிரித்தான், சிரித்துவிட்டுப் பல நாள் கழித்தும் குளிக்கும்போது அது ஞாபகம் வந்தது, ஜால்ரா, தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஜால்ரா. ஆகையால் இரண்டாம் பாகம் வருவதற்கு முன்பே, ஒரு பொத்தானைக்கூட அழுத்துவதற்கு முன்பே, இந்தத் தடவை கறாராக இருக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்திருந்தான். நினைத்துப் பார்த்தால் அதுதான் முதல் பொய். குறை எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டே விளையாடினான். பல்வலி வேறு. கடைவாயில் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. மூன்றாவது மேட்டைத் தாண்டியதும் இசை நின்றது, காற்றுச் சத்தம் நின்றது, வரைபடம் மறைந்தது, எதிரே சமதளமான சிவப்பு. நடக்க வேண்டியதுதான். நடந்தான். ஒன்றும் வரவில்லை. நடந்தான். பாம்பு இல்லை, சரிவு இல்லை, தண்ணீர் குறையவும் இல்லை. பல் குத்தியது. வேறு யாராவது முதலில் வீடியோ போட்டுவிடுவார்கள். இது என்ன சோம்பேறித்தனம், நீளத்தைக் கூட்டுவதற்காகச் செய்தது என்று நினைத்தான், நினைத்தது ஒரு வாக்கியமாக வந்தது, நல்ல வாக்கியம், வீடியோவில் சொல்லலாம். வாக்கியம் கிடைத்ததும் கேமை மூடிவிட்டான். அந்த நில அளவைக்காரன் இன்னும் அங்கேதான் நிற்பான், ஒரு காலைத் தூக்கியபடி.

உதடு தடித்துக்கொண்டு வந்தது. விரலால் தொட்டான், யாருடைய உதட்டையோ தொடுவதுபோல இருந்தது. தடுப்புக்கு அப்பால் ஒரு பெரியவர் பல்செட் கடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார், டாக்டர், எங்க கடிக்குது, கடிச்சுக் காட்டுங்க என்றார். காலையில் யாரோ அவனுடைய வீடியோவுக்குக் கீழே ஓர் இணைப்பைப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி எழுதிய நீண்ட கட்டுரை, எல்லோரும் எழுதி முடித்த பிறகு நிதானமாக விளையாடி நிதானமாக எழுதியிருந்தாள். பொன்மணியின் செய்தி வருவதற்குச் சற்று முன்னால் அதே பெஞ்சில் அவன் அதைப் படித்திருந்தான். அந்த நடையின் முடிவில் ஒரு கிணறு இருக்கிறதாம். கிணற்றைச் சுற்றி ஆட்கள். அருகே போனால் எல்லாரும் ஒரே ஆள், அந்த நில அளவைக்காரன்தான், இதற்கு முன் நாம் விளையாடிச் சாகவிட்ட ஒவ்வொரு தடவையும் ஒருவன். தாகத்தில் செத்தவன், மணல் மூடிச் செத்தவன், அவசரப்பட்டு ஓடிச் செத்தவன். செத்தவர்கள் எல்லாம் இங்கே வந்து ஆளுக்குக் கொஞ்சம் தோண்டியிருக்கிறார்கள். விளையாடும்போது அதிகம் செத்தவருக்குக் கிணறு ஆழமாக இருக்கும், தண்ணீர் கிடைக்கும். ஒருமுறைகூடச் சாகாமல் கெட்டிக்காரத்தனமாக வந்தவருக்கு வெறும் பள்ளம்தான். தோற்ற ஆட்டங்களெல்லாம் வீணாகப் போவதுதான் இந்த வகை விளையாட்டின் விதி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், அவை எங்கே போகின்றன என்று யாரோ ஒருத்தி யோசித்திருக்கிறாள், நான் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன் என்று அவள் முடித்திருந்தாள். சுடலை பெஞ்சில் உட்கார்ந்தபடி அதை இரண்டு முறை படித்தான். முதல் முறை படித்தபோது பொறாமை வந்தது, நான் எழுதியிருக்க வேண்டியது. இரண்டாவது முறை பயம் வந்தது, இதை எல்லோரும் படிப்பார்கள், அப்போ நீ கடைசி வரை நடந்தேன்னு சொன்னியே என்பார்கள். பொன்மணியைப் பற்றி நினைப்பதற்கு மூன்றாவது முறை தேவைப்பட்டது. அதற்குள் அவளே செய்தி அனுப்பிவிட்டாள்.

அவன் போனை எடுத்தான். இப்போதும் பேசலாம், கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். பேசாமல் எழுத ஆரம்பித்தான். 'பொன்மணி, அப்டேட்டக் கொஞ்சம் நிறுத்தி வை, எனக்கு ஒரு சந்தேகம்' என்று எழுதினான். என்ன சந்தேகம். அழித்தான். 'நான் நடந்தது கடைசி வரைக்கும்தானான்னு இப்ப யோசிக்கும்போது' என்று எழுதினான். யோசிக்க என்ன இருக்கிறது, நடந்த காலுக்குத் தெரியாதா. கடைசி என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அதுதான் கடைசி என்று சொல்லலாம், ஒருவன் எந்த இடத்தில் நிற்கிறானோ அதுதான் அவனுக்குக் கடைசி, அப்படி ஒரு அர்த்தம் இருக்கிறது, தேடினால் எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறது. 'உன் கேம்ல பக் இருக்க வாய்ப்பு இல்ல, வேற யாருக்கோ கிணறு வந்திருக்கு, லிங்க் பாரு' என்று எழுதினான். இது பரவாயில்லை. இதை அனுப்பினால் அப்டேட்டை நிறுத்துவாள், அவனுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் நிறுத்திவிட்டு என்ன செய்வாள், அந்தப் பெண்ணுக்கு வந்த கிணறு சுடலைக்கு ஏன் வரவில்லை என்று மறுபடியும் தேடுவார்கள். ராஜா தேடுவான். இல்லாத பிழையை எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது, கிடைக்கவில்லை என்பதற்காகவே இன்னும் தேடுவான். அழித்தான். திரை வெள்ளையாக இருந்தது. மத்தியானம் எப்போது ஆரம்பிக்கிறது, பன்னிரண்டுக்கா, சாப்பாட்டுக்கா, பொன்மணி வீட்டில் எப்போது சாப்பிடுவார்கள். டாக்டர் திரும்பி வந்து விரலால் ஈறை அழுத்தி, "தெரியுதா?" என்றார். தெரியவில்லை என்று தலையாட்டினான். "நல்லது. வலிச்சா இடது கையத் தூக்குங்க, நிறுத்திருதேன். பேச முயற்சி பண்ணாதீங்க." போனைப் பைக்குள் போட்டான். இப்போது பேச முடியாது என்று ஆனதும் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை அவன் கவனித்தான், கவனித்ததும் அருவருப்பாக இருந்தது.

கருவி பல்லில் இறங்கியது. வலி இல்லை, சத்தம் மட்டும், மண்டைக்குள்ளேயே யாரோ போர்வெல் போடுவதுபோல. எலும்பு கருகுகிற மாதிரி ஒரு வாடை. ராஜா என்கிற ராஜசிங்கை அவன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான். உடன்குடியில் அவர்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு மேசை ஒரு கட்டில், வெயிலுக்குக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு மின்விசிறியை அதற்கு நேரே திருப்பி வைத்திருந்தான். ஆளுக்குக் காற்றில்லை. அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது ரொம்பக் குறைவு. பொன்மணி, கதை தன்னுடையது, படம் தன்னுடையது, மற்றதெல்லாம் அவன் என்று அறிமுகப்படுத்தினாள். அவன் எழுந்து நின்று, "அண்ணே, உங்க வீடியோ எல்லாம் பாப்பேன்" என்றான், அவ்வளவுதான், அதற்கப்புறம் அங்கிருந்த நேரமெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே இறங்கும்போது பொன்மணி சொன்னாள், "வேலைய விட்டுட்டு வந்துருக்கான். அப்பா பேசுததில்ல. இது நல்லா வந்துட்டுன்னா பேசுவாரு." மறந்தே போயிருந்தது அது. இப்போது கருவிச் சத்தத்துக்குள் அது முழுசாக எழுந்து வந்தது, அவள் படியில் நின்ற இடம், கைப்பிடிச் சுவரில் காய்ந்த துண்டு. கிணறு ராஜசிங் எழுதியதாகத்தான் இருக்கும், செத்தவர்களை எண்ணி ஆழத்தைக் கூட்டுவது கணக்கு, அது அவன் வேலை. சுடலை அண்ணனுக்குக் கிணறு வரவில்லை என்றால் தப்பு தன்னுடையது என்று அவன் ஒத்துக்கொண்டிருப்பான். வரி வரியாகப் படித்துக்கொண்டே போயிருப்பான், எல்லா வரியும் சரியாக இருக்கும், சரியாக இருக்க இருக்கத் தன் கண்ணையே நம்பாமல் போயிருப்பான். நான் ஒரு கையை விரித்துக் காட்டியதற்கு. பைக்குள் போன் அதிர்ந்தது. நெஞ்செலும்பில் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. "யாரோ விடாமக் கூப்பிடுதாங்க, அவசரமா இருக்குமோ?" என்று டாக்டர் கேட்டார், பதிலுக்குக் காத்திராமல் வேலையைத் தொடர்ந்தார், திறந்த வாயிடம் கேட்கிற கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. பொன்மணியாக இருக்கும். எடுத்துவிட்டோம், போய்ப் பார் என்று சொல்லக் கூப்பிடுகிறாள். அல்லது எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம் என்று கூப்பிடுகிறாள். முதலாவதாக இருந்தால் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, படுத்திருக்கலாம். இரண்டாவதாக இருந்தால். அவனுக்கு முதலாவதாக இருக்கட்டும் என்று ஆசை வந்தது. ஒரு கணம்தான், ஆனால் வந்தது. அவன் இடது கையைத் தூக்கினான்.

சத்தம் நின்றது. "வலிக்குதா? மரத்திருக்கணுமே" என்றார் டாக்டர். இல்லை என்று தலையாட்டி, போனை எடுத்துக் காட்டினான். அவர் அவனுடைய முகத்தைப் பார்த்தார், ஏதோ பார்த்திருக்க வேண்டும், பஞ்சை எடுத்துவிட்டு, துப்பச் சொன்னார். "சீக்கிரம் முடிங்க. பல்லத் தொறந்து போட்டுருக்கேன்." தவறிய அழைப்பு, பொன்மணி. திருப்பி அழைத்தான். "சுடலை, நீ ஒருக்கா பாத்துட்டுச் சொன்னா போட்டுருவோம், எல்லாம் ரெடியா இருக்கு" என்றாள் எடுத்தவுடனே. தூங்காத குரல். "போடாத" என்றான். 'ஓடாத' என்று வந்தது. "என்னது?" "போடாத. நான் நடக்கல." பாதி நாக்கு எங்கோ கிடந்தது, வார்த்தை எச்சிலோடு சேர்ந்து வழிந்தது. "சுடலை, என்ன ஆச்சு, அழுதியா? எங்க இருக்க?" "பல்லு. டாக்டர். ஊசி" என்றான். "சரி, அப்புறம் பேசு, ஒண்ணும் அவசரமில்ல, நாங்க போட்டுருதோம்." "பொன்மணி" என்று கத்தினான். டாக்டர் நிமிர்ந்தார், தடுப்புக்கு அப்பால் பல்செட் பெரியவர் பேச்சை நிறுத்தினார். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, வாயை விரலால் ஒரு பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னான். "நான் கடைசி வரைக்கும் நடக்கல. பாதியில மூடிட்டேன். பொய் சொன்னேன்." அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் சொல்ல வேண்டுமோ என்று பயந்தான். "பொய் சொன்னேன்" என்று மறுபடியும் சொன்னான், இந்த முறை இன்னும் தெளிவாக வந்தது.

"அப்ப கிணறு இருக்கா?" என்றாள் பொன்மணி. அவனிடம் கேட்ட மாதிரி இல்லை. போனை எங்கோ வைத்தாள், மேசையில் பட்ட சத்தம். "ராஜா. நிறுத்து. பக் இல்லடே. அவன் நடக்கவே இல்லையாம்." நாற்காலி இழுபடுகிற சத்தம். பிறகு தூரத்திலிருந்து ராஜசிங்கின் குரல், சின்னக் குரல், "அப்ப நான் எழுதுனது சரியாத்தான் இருக்கா?" "சரியாத்தான் இருக்கு." "நல்லாப் பாத்தியாக்கா?" "இருக்குடே. போய் முகத்தக் கழுவு." சுடலை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டான். திட்டுவாள், திட்டட்டும், திட்டினால் ஏதாவது ஒன்று முடியும் என்று காத்திருந்தான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது முகம் கழுவுகிற சத்தம் மட்டும்தானா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை.

பொன்மணி போனை எடுத்தாள். "லைன்லதான் இருக்கியா?"

"இருக்கேன். வீடியோவ எடுத்துரட்டா?"

"எடுத்துட்டா என்ன நடந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அது இருக்கட்டும். இன்னொண்ணு போட்டுச் சொல்லு. இப்ப எங்கிட்ட சொன்னியே, அதையே சொல்லு."

"சொல்லுதேன்."

"கேம் நல்லாருக்குன்னு சொல்ல வேண்டாம்."

"பொன்மணி, நான் இன்னிக்கே முழுசா நடந்து பாத்துட்டு"

"நடந்து பாரு" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது, கோபம் அந்தக் களைப்பைத் தாண்டி வருவதற்கு இன்னும் சில நாள் ஆகும் என்று அவனுக்குத் தெரிந்தது. "பாத்துட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத."

வைத்துவிட்டாள். டாக்டர் ஹமீதா கையுறையை மாற்றிக்கொண்டு நின்றார், கேட்டதை எல்லாம் கேட்காத மாதிரி விளக்கை இழுத்துச் சரிசெய்தார். "மரப்பு போறதுக்கு சாயங்காலம் ஆகும். அது வரைக்கும் சூடா எதையும் குடிச்சிராதீங்க, சுட்டாக்கூடத் தெரியாது" என்றார். அவன் தலையாட்டினான். சாய்ந்து படுத்து வாயைத் திறந்தான்.